ஊவாவின் யானைகள்: பெருகிய காலமும் அருகிய காலமும்

ஹப்புத்தளையிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்திற் செல்வோர் இருபுறமும் காண்பது தேயிலை மலைகளையே. சரிவுகளிற் கொழுந்து பறிக்கும் பெண்கள், பள்ளத்தாக்குகளில் லயங்கள், ஆங்காங்கே சவுக்கு மரங்கள், அவற்றுக்கு மேலே மூடுபனி. இந்த மலைகளில் ஒரு காலத்தில் யானைகள் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன என்று கூறினால், தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த முதியவர்கூட நம்பத் தயங்குவார். அவருடைய பாட்டனும் மலையில் யானையைக் கண்டிருக்கமாட்டான். ஆயினும் பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அதற்குச் சான்றாக நிற்கின்றது. 1857ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அக்கோயில், பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. வீதிகள் அமைத்துப் புகழ் பெற்ற அவ்வதிகாரி, வேறொரு காரணத்தால் உலகெங்கும் பேசப்பட்டார். தம் வாழ்நாளில் அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேற்பட்டவை என்று, குடியேற்ற அரசின் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் டெனன்ட் தமது நூலில் எழுதி வைத்தார்.

ஒரு மனிதரின் துவக்குக்கு ஆயிரத்து நானூறு யானைகள் இரையாயின என்றால், அக்காலத்தில் இம்மாகாணத்திலும் இதனைச் சூழ்ந்த காடுகளிலும் யானைகள் எவ்வளவு மிகுந்திருந்தன என்பதை ஊகிக்கலாம். அவை எவ்வாறு பெருகின? எவ்வாறு அருகின? இன்று எத்தனை எஞ்சியுள்ளன? அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? ஊவாவின் கதை இக்கேள்விகளுக்கு விடை கூறுவதோடு, உயிரினங்களின் குடித்தொகையைப் பற்றிய ஒரு பொது உண்மையையும் புலப்படுத்துகின்றது.

கண்டி அரசர் காலத்தில் யானைகள் யாவும் அரசனுக்குரியவையாகக் கருதப்பட்டன. அரசனின் அனுமதியின்றி யானையைக் கொல்லுதல் பெருங்குற்றம். யானையைப் பிடித்துப் பழக்குவதும் பிற நாடுகளுக்கு அனுப்புவதும் அரசின் உரிமையாகவே இருந்தன. எனினும் அரச கட்டளை மட்டுமே யானைகளைக் காத்தது எனல் பொருந்தாது. அக்காலத்து வேளாண்மை முறையும் அவற்றுக்கு உதவியது. உலர்ந்த தாழ்நிலங்களிற் குளங்களை அண்டி வயல்கள் இருந்தன. வயல்களுக்கு அப்பாற் சேனைப் பயிர் நடந்தது. காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டுகள் தானியம் விதைத்து, பின்னர் அந்நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டுவிடுவது சேனை முறை. அவ்வாறு விடப்பட்ட நிலத்திற் புல்லும் புதரும் இளமரங்களும் செழித்து வளரும். யானைக்கு விருப்பமான உணவு அதுவே. ஓங்கி வளர்ந்து நிழல் மூடிய முதுகாட்டில், யானையின் துதிக்கைக்கு எட்டும் உணவு குறைவு. ஆதலின், மனிதன் பயிரிட்டுக் கைவிட்ட நிலமே யானையைப் பெருக்கும் நிலமாக அமைந்தது.

இவ்வுண்மையை வெல்லஸ்ஸவின் வரலாறு கொடுமையான முறையில் விளக்குகின்றது. இன்று மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்த அப்பகுதி, நூறாயிரம் வயல்கள் கொண்ட நாடு எனப் பொருள்படும் பெயரைத் தாங்கியது. 1817ஆம் ஆண்டில் ஊவாவிற் கிளர்ந்தெழுந்த மக்களை அடக்குவதற்காக, 1818ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைகள் ஊர்களை எரித்தன, தானியங்களை அழித்தன, கால்நடைகளைக் கொன்றன. உயிர் தப்பியோர் ஓடினர். வயல்கள் பாழாயின, குளக்கட்டுகள் சிதைந்தன. மனிதர் நீங்கிய நிலத்தைப் புதர்க்காடு சூழ்ந்தது. யானைக் கூட்டங்கள் தடையின்றி உலாவுவதற்கேற்ற நிலமாயிற்று வெல்லஸ்ஸ. சில பத்தாண்டுகளின் பின் துவக்குடன் வந்த வேட்டைக்காரர், இந்நாடு இயற்கையாகவே யானைகளின் நாடு என எண்ணினர். அவர்கள் கண்ட காட்டின் பெரும்பகுதி, அழிக்கப்பட்ட ஊர்களின் மேல் வளர்ந்த காடு என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தது கொலையின் காலம். புதிய அரசு யானையைப் பயிரை அழிக்கும் பிராணியாகவே கருதியது. கொன்ற யானை ஒவ்வொன்றுக்கும் சில வெள்ளிக்காசுகள் பரிசாக வழங்கப்பட்டன. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசு பெறப்பட்டதாக டெனன்ட் கணக்குத் தருகின்றார். 1851க்கும் 1856க்கும் இடையில், காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவே மேலும் 2,000 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது. ஊவாவில் ரொஜர்ஸ் சுட்டார். வீதிப் பொறியியலாளர் ஸ்கின்னரும், கப்டன் கால்வே என்பாரும் அவர் கணக்கிற் பாதியளவை எட்டியவர்கள் எனப் பெயர் பெற்றனர். 1845ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஹப்புத்தளைத் தங்குமனையின் விறாந்தைக்கு வந்து மழை விட்டதா என்று பார்த்த ரொஜர்ஸ், இடி விழுந்து உயிர் துறந்தார். யானைகளின் சாபமே அது என ஊரார் பேசிக்கொண்டனர்.

இக்கொலைகள் ஏன் இத்துணைப் பெருங்கேடு விளைத்தன என்பதை உணர, யானையின் பிறப்பு முறையை அறிதல் வேண்டும். பெண் யானை கருவுற்று ஏறத்தாழ 22 மாதங்களின் பின்னரே ஈனும். ஈற்றுக்கு ஒரு கன்று. அடுத்த ஈற்றுக்கு நான்கைந்து ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேலாகும். பெண் கன்று தாயாவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். முயலும் பன்றியும் ஓராண்டில் ஈடுசெய்யும் இழப்பை, யானை ஈடுசெய்ய ஒரு தலைமுறை வேண்டும்.

எனினும் மலைநாட்டு யானைகளின் அழிவுக்குத் துவக்கு ஒன்றே காரணமன்று. துவக்கைச் சட்டத்தால் அடக்கலாம், அவ்வாறே அடக்கினர். 1891ஆம் ஆண்டில் யானைகளை வீணே கொல்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1937ஆம் ஆண்டில் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் விரிந்த சட்டம் இயற்றப்பட்டது. துவக்கு ஓய்ந்தபின் யானைகள் மலைக்குத் திரும்பியிருக்க வேண்டுமன்றோ? அவை திரும்பவில்லை. திரும்புவதற்கு மலையில் இடமிருக்கவில்லை.

அந்த இடத்தை எடுத்துக்கொண்டது தோட்டப் பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர், பெரும் துயரங்களுக்கிடையே அம்மலைகளைத் திருத்தினர். 1870ஆம் ஆண்டுகளின் இறுதியிற் கோப்பிப் பயிர் இலங்கையில் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. 1869ஆம் ஆண்டில், இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளில் மஞ்சட் பொடி போன்ற நோயொன்று காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் கோப்பித் தொழிலை வீழ்த்தியது. கோப்பி அழிந்த நிலங்கள் மீண்டும் காடாகியிருந்தால், யானைகளின் வரலாறு வேறு திசையிற் சென்றிருக்கக் கூடும். ஆனால் கோப்பி நின்ற இடத்தைத் தேயிலை பிடித்தது. பசறை, லுணுகலை, நமுனுகுலை, பண்டாரவளை, ஹப்புத்தளை என மலைச்சாரல் முழுவதும் தேயிலை படர்ந்தது. சேனை நிலம் சில ஆண்டுகளிற் காட்டுக்குத் திரும்பும். தேயிலை நிலம் நூறாண்டு கடந்தும் திரும்பவில்லை. துவக்கினால் எண்ணிக்கை குறைந்தது. தேயிலையால் இடமே அற்றுப்போயிற்று.

ஊவாவின் எல்லையில் உயர்ந்து நிற்கும் ஹோட்டன் சமவெளி இதற்கு மற்றுமொரு சான்று. சாமுவேல் பேக்கர் முதலான வேட்டைக்காரர் அங்கே யானைகளைக் கண்டனர். நாய்களை ஏவி மரைகளையும் வேட்டையாடினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னரே யானைகள் அங்கிருந்து மறைந்தன. 1969ஆம் ஆண்டிற் சமவெளி இயற்கைக் காப்பிடமாகவும், 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. வேட்டை நின்றது. மரைகள் பெருகின, இன்று மாலை வேளைகளிற் புல்வெளியெங்கும் அவை மேய்கின்றன. யானைகளோ வரவில்லை. தாழ்நிலத்திலிருந்து மேலேறும் பழைய வழிகளைத் தோட்டங்களும் ஊர்களும் மறித்துவிட்டன. ஒரே பாதுகாப்பின் கீழ் ஓரினம் பெருகிற்று. மற்றோரினம் மறைந்தே இருந்தது. சிறு நிலம் போதுமான விலங்குக்குக் காவல் போதும். நெடுந்தூரம் நடக்கும் விலங்குக்கு வழியும் வேண்டும்.

இனித் தாழ்நிலத்தைக் காண்போம். மலையைவிட்டு நீங்கிய யானைகளுக்கு மொனராகலை, வெல்லவாய, புத்தளைப் பக்கத்து உலர்காடுகள் எஞ்சியிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கும் மாற்றம் தொடங்கியது. கல்லோயாத் திட்டத்தால் பெரிய நீர்த்தேக்கமும் குடியேற்றங்களும் தோன்றின. நீரேந்து நிலத்தைக் காப்பதற்காக 1954ஆம் ஆண்டிற் கல்லோயாப் பூங்கா அமைந்தது. உடவளவை நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த நிலம் 1972ஆம் ஆண்டிற் பூங்காவாயிற்று. பின்னர் பெல்வத்தை, செவனகலைப் பகுதிகளிற் கரும்புத் தோட்டங்கள் பரந்தன. கரும்பைவிட யானைக்கு இனிய விருந்து வேறில்லை. வழி மறிக்கப்பட்ட கூட்டங்கள் ஹந்தபானகலைக் குளத்தை அண்டிய சிறு புதர்களில் அடைபட்டு நின்றன. இரவிற் கரும்புக்கும் நெல்லுக்கும் இறங்கின.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். 1993ஆம் ஆண்டில் வனசீவராசிகள் திணைக்களம் நடத்திய கணக்கெடுப்பில் இலங்கையில் 1,967 யானைகள் எனக் கொள்ளப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கண்டெடுத்த தொகை 5,879. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் எடுத்த கணக்கோ ஏழாயிரத்தைத் தாண்டியது. இவ்வெண்களை மட்டும் பார்ப்பவர், யானைகள் முப்பது ஆண்டுகளில் மூன்றரை மடங்காகப் பெருகின என மகிழ்வர். அது பிழை. 1993ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் காரணமாக வடக்கும் கிழக்கும் கணக்கில் அடங்கவில்லை. 2011ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நீர்நிலைகளருகே காத்திருந்து எண்ணினர். உலர் காலத்தில் யானை நீருக்கு வந்தே தீரும் என்பது அம்முறையின் அடிப்படை. ஆயினும் ஒரே கூட்டம் இரண்டு குளங்களுக்கு வந்தால் இருமுறை எண்ணப்படலாம். மறைவான ஓடையில் நீரருந்தும் ஒற்றை யானை எண்ணப்படாமலே போகலாம். அன்றியும், 2011க்கும் 2024க்கும் இடையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. அத்துணை இறந்தும் தொகை ஏறியது என்றால், எண்ணும் முறையும் எண்ணிய இடமும் விடையை எவ்வளவு மாற்றுகின்றன என்பது விளங்கும்.

இத்தொல்லை யானைக்கு மட்டும் உரியதன்று. பூமியின் தென்முனையிலுள்ள அந்தாட்டிக்கா என்னும் பனிக் கண்டத்திற் பெங்குவின் என்ற பறக்கமாட்டாப் பறவைகள் பெருந்தொகையாகக் கூடி வாழ்கின்றன. அவற்றுட் பெரியதான எம்பரர் இனம் கடற்பனியின் மேல் நின்றே குஞ்சு பொரிக்கும். மனிதர் எளிதில் அணுகவியலாத அவ்விடங்களை, விண்ணிலிருந்து செய்மதிகள் பிடித்த படங்களைக்கொண்டு ஆராய்கின்றனர். வெண்பனியில் அப்பறவைகளின் எச்சம் படிந்த பழுப்புக் கறையே கூட்டத்தின் அடையாளம். 2012ஆம் ஆண்டில் வெளியான அத்தகைய கணக்கின்படி 46 கூட்டங்களில் ஏறத்தாழ 5,95,000 பறவைகள் இருந்தன. ஹாலி விரிகுடாவில் இருந்த கூட்டம் அவ்வினத்தின் மிகப் பெரிய கூட்டங்களுள் ஒன்று. 2016ஆம் ஆண்டிற் புயலாற் பனி முன்கூட்டியே உடைந்தது. நீந்தும் பருவமெய்தாத குஞ்சுகள் கடலில் மாண்டன. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவ்விடத்திற் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கவில்லை. அக்கூட்டம் முழுதும் மாண்டதோ என எண்ணத் தோன்றும். ஆனால் அண்மையிலுள்ள வேறோர் இடத்துக் கூட்டம் அதே காலத்திற் பன்மடங்கு பெருகியது. முதிர்ந்த பறவைகள் பல அங்கே குடிபெயர்ந்திருந்தன. ஓரிடத்துக் கணக்குக் குறைவது, எப்பொழுதும் இறப்பைக் குறிப்பதன்று. ஓரிடத்துக் கணக்கு ஏறுவதும் பிறப்பைக் குறிப்பதன்று. குஞ்சுகள் பிழைத்தனவா என்பதே எதிர்காலத்தைச் சொல்லும் கணக்கு.

யானைக்கும் அவ்வளவுகோலே பொருந்தும். 2011ஆம் ஆண்டின் தொகையில் 1,107 கன்றுகள் இருந்தன. தந்தமுடைய ஆண் யானைகள் 122 மாத்திரமே. மொத்தத் தொகையைவிட இச்சிறு எண்கள் அதிகம் பேசுகின்றன. உடவளவையில் ஷெர்மின் டி சில்வாவும் அவர் குழுவினரும் 2006 தொடங்கி யானைகளை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு வந்தனர். காதின் மடிப்பு, அதிலுள்ள கிழிசல், வாலின் அமைப்பு முதலியவற்றால் ஒரு யானையை மற்றொன்றிலிருந்து பிரித்தறியலாம். பள்ளிக்கூடத்து இடாப்பிற் பெயர் எழுதுவது போன்றது இம்முறை. அதன்படி அப்பூங்காவைப் பயன்படுத்தும் யானைகள் 804க்கும் 1,160க்கும் இடைப்பட்டவை என மதிப்பிட்டனர். எந்தத் தாய் ஈன்றது, எத்தனை ஆண்டு இடைவெளியில் ஈன்றது, எந்தக் கன்று பிழைத்தது என்பனவும் இம்முறையால் விளங்கும். ஓரிரவு எண்ணிக்கையால் இவற்றை அறிய முடியாது.

இக்கணக்குகள் ஏட்டளவில் நிற்பவையல்ல. அவற்றைத் தவறாகப் படிப்பதனால் உயிர்கள் போகின்றன. யானைகள் பூங்காவினுள் இருக்கவேண்டியவை, ஊரில் மனிதர் இருக்கவேண்டியவர் என்ற எண்ணத்தால், கூட்டங்களைத் துரத்திப் பூங்காவுள் அடைத்து மின்வேலியிடும் முயற்சிகள் நடந்தன. 2006ஆம் ஆண்டளவில் லுணுகம்வெஹெரப் பூங்காவுக்குள் அவ்வாறு துரத்தப்பட்ட பெண் யானைகளும் கன்றுகளும் தீனியின்றி எலும்புந் தோலுமாயின. பயிருக்கு இறங்கும் முரட்டு ஆண் யானைகளோ வேலிக்கு வெளியிலேயே நின்றன. பூங்காவின் புல் அங்கே முன்னரே வாழ்ந்த யானைகளுக்கே மட்டாக இருந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் இன்று யானைகள் நடமாடுகின்றன. அந்நிலத்தின் பெரும்பகுதியில் மனிதரும் வாழ்கின்றனர் என்று பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடன் ஆய்ந்தோரும் கண்டுள்ளனர். பிரித்து வைப்பது இயலாத காரியம் என்பதே இதன் பொருள்.

2019ஆம் ஆண்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் ஒருவர் கையில் மற்றவர் மாண்டனர். பின்வந்த ஆண்டுகளிலும் இக்கொடுமை தணியவில்லை. சுடப்பட்டவை, மின்சாரம் பாய்ந்தவை, தீனிக்குள் மறைத்த வெடி வாயில் வெடித்துப் பட்டினியால் இறந்தவை எனப் பட்டியல் நீளுகின்றது. மறுபக்கத்தில், மொனராகலைப் பக்கத்து ஊர்களிலும் மலையடிவாரத் தோட்டங்களிலும் வாழும் ஏழைக் குடும்பம் ஒன்று, ஆண்டு முழுவதும் உழைத்த விளைவை ஓரிரவில் இழக்கின்றது; விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தந்தை திரும்பிவராத வீடுகளும் உள. அக்குடும்பத்திடம் யானைகள் அருகிவிட்டன என்று சொன்னாற் பயனில்லை. அவர்கள் முற்றத்தில் அவை பெருகியே தோன்றும். இடம் சுருங்கும்போது எஞ்சிய இடத்தில் நெருக்கம் கூடுவதே அத்தோற்றத்துக்குக் காரணம்.

2020ஆம் ஆண்டில் அரசு அமைத்த குழுவொன்று இதற்கு வழி வகுத்துக் கூறியது. காட்டின் நிர்வாக எல்லையில், இருபுறமும் யானைகள் நிற்க நடுவே வேலி போடுவதைவிட, மனிதர் வாழும் ஊரைச் சுற்றி நிலையான வேலியும், வயலைச் சுற்றிப் பயிர்க் காலத்துக்கு மட்டும் வேலியும் இடுதல் நன்று. அவ்வேலிகளை ஊராரே காத்துப் பேணுதல் வேண்டும். அறுவடை முடிந்ததும் வயல் வேலி நீக்கப்பட்டால், தாளடியில் யானை மேயலாம். பழைய சேனைக் காலத்து ஒழுங்கின் சாரமும் இதுவே: ஒரே நிலம், காலத்தாற் பிரித்து இருவருக்கும் உரியதாகின்றது.

இரு நூற்றாண்டுகளில் ஊவா மூன்று முறை மாறியது. ஊர்கள் எரிந்தபோது யானைகளுக்கு நிலம் பெருகிற்று. பரிசுப் பணத்தாலும் துவக்காலும் அவை குறைந்தன. தேயிலையும் கரும்பும் வந்தபோது மலையை இழந்து, தாழ்நிலத்தில் நெருங்கின. ஒவ்வொரு முறையும் மாற்றியது மனிதனின் கை. யானைகள் எத்தனை என்ற கேள்வி பயனுள்ளதே. ஆயினும் கன்றுகள் பிழைக்கின்றனவா, தாய்கள் எங்கே மேய்கின்றன, அவை நடக்கும் வழி திறந்திருக்கின்றதா என்ற கேள்விகளை உடன் கேளாதபோது, அக்கணக்கு வெறும் எண்ணாகவே நிற்கும். மலையில் இழந்த யானைகளை இனி மீட்டல் அரிது. தாழ்நிலத்தில் எஞ்சியவற்றையும், அவற்றோடு ஒரே நிலத்தில் வாழும் ஏழை மக்களையும் ஒருங்கே காத்தல் இன்னும் இயலக்கூடியதே.